சலோமி சமைக்கப் போகவில்லை

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சபையின் வாட்ஸப் குழுவில் ஒரு பூங்கொத்துப் படம், அதன் கீழே சலோமியின் பழைய புகைப்படம், அதற்கும் கீழே மூன்று வரி. 'நமது அன்புச் சகோதரி சலோமி அம்மாள் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அமைதியும் அடக்கமும் உள்ளவர். இலங்கையில் நமது சபை செய்த கட்டட ஊழியத்தில் சமையல் பணியில் உதவியவர்.' படித்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் நின்றவர், "இன்னா டீச்சர், கார்டு மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

அமைதியாம், அடக்கமாம். சலோமியின் குரலைக் கேட்டவர்கள் நம் சபையில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறோம். இரண்டாம் மாடிச் சாரத்தில் நிற்கிற கொத்தனாருக்குக் கீழேயிருந்து அவர் கொடுக்கிற குரல் பக்கத்துத் தெருவில் கேட்கும். ஆராதனையில் பாடகர் குழு சுருதி தப்பினால், கடைசி வரிசையிலிருந்து "உஹூம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். இறந்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக, அவரை வேறு யாரோ ஒருவராக ஆக்கிப் புதைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சலோமி இலங்கைக்குச் சமைக்கப் போகவில்லை. அங்கே அவர் செய்தது என்ன என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சலோமி கட்டட வேலையில் சித்தாள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கல்லும் கலவையும் சுமந்தவர். கலசப்பாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிற இடத்தில், காலை டீ குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அறுபத்தொரு வயது. என் வயதும் அதுதான். ஒரே நாளில், ஒரே மாதிரி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும், சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் பெற்றோம். பிறகு நான் படித்து ஆசிரியை ஆனேன், அவர் செங்கல் தூக்கப் போனார். அவர் என்னை 'டீச்சர், நீங்க' என்பார். நான் அவரை 'சலோமி, நீ' என்பேன். இது ஏன் இப்படி என்று நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. எழுத்திலாவது 'அவர்' என்று எழுதிக்கொள்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஓர் அறிவிப்புச் செய்தார். இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு முன்பள்ளி கட்டுகிறார்கள். அங்குள்ள சபை அழைத்திருக்கிறது. நம் சபையிலிருந்து பத்து நாள் போய்ச் சுவர் எழுப்பிக் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார். எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். தலைவராக, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் கமிட்டித் தலைவர். அவர் பெயர் வேண்டாம். அவரும் இதைப் படிப்பார். ஒரு செல்போன் கடைக்காரர், இரண்டு வாத்தியார்கள், கல்லூரிப் படிப்பை முடித்த இருவர், முள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கிற என் தம்பி ஜெயராஜ், அவன் கூட்டாளி நெசவாளர் ஒருவர். ஒன்பதாவதாக நான், குழுவின் செயலாளர். எங்களில் ஒருவர்கூட சிமெண்டைத் தொட்டதில்லை. தலைவர் மட்டும் சொந்த வீடு கட்டியவர், அதாவது குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவர்.

பத்தாவதாகச் சலோமி பெயர் கொடுத்தார். அன்று கமிட்டியில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். "சித்தாளைக் கூட்டிகினு போனா, நாம கூலிக்கு ஆள் வெச்சிகினு போன மாதிரி ஆயிடும். அப்புறம் அதை ஊழியம்னு எப்படிச் சொல்றது?" என்று தலைவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டத் தெரியாதவர் போனால் ஊழியம், தெரிந்தவர் போனால் கூலி. இந்த ஞானத்தை நான் எந்த வேதபாட வகுப்பிலும் படித்ததில்லை. ஆனாலும் அன்று வாயைத் திறக்கவில்லை.

சலோமி வெளியே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே வந்து, "எனக்கு வேலை தெரியும்னுதான் வேணாம்றீங்களா? அப்ப பேங்குக் கணக்கை இனிமே நான் பாக்கறேன் ஐயா, எனக்கு அது சுத்தமா தெரியாது" என்றார். தலைவர் முகம் சிவந்துவிட்டது. சலோமி தன் செலவுக்குத் தானே சீட்டுப் பணம் எடுத்துவிட்டார், பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார், ஆகவே வேண்டாம் என்று சொல்ல வேறு காரணமும் கிடைக்கவில்லை. கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'சமையல்' என்று எழுதினேன். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் ஏதோ பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. பட்டியலைப் பார்த்த சலோமி, "சமையலா? என் கையால தின்னவங்க யாரும் ரெண்டாந்தபா கேட்டதில்லியே டீச்சர்" என்றார். அது உண்மைதான் என்பதைப் பிறகு மலையில் ஒன்பது பேரும் தெரிந்துகொண்டோம்.

விமான நிலையத்தில் அவர் பையைச் சோதித்தவர்கள் கையில் கூம்பு போல ஒரு பித்தளைக் குண்டு அகப்பட்டது. உச்சியில் நூல் கட்டியிருந்தது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் தொங்கவிடுவார்களே, அந்தத் தூக்குக்குண்டு. ஆரணி பஜாரில் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். சித்தாளுக்கு எதற்குத் தூக்குக்குண்டு என்று அவரை அதற்கு முன் யாரோ கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் பதில் தயாராக இருந்தது. "இது இன்னாம்மா?" என்றார் சோதனை செய்தவர். "சுவரு பொய் சொன்னா காட்டிக் குடுக்கும் சார்" என்றார் சலோமி. அந்த மனிதர் சிரித்துவிட்டு, கையில் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் போட்டு அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பினார். எங்களுக்கு அரை மணி நேரம் போயிற்று. "சமைக்கப் போறவளுக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்று தலைவர் முணுமுணுத்தார். அரிசிச் சாக்குக்குள் கொத்துக்கரண்டி ஒன்றும் இருந்தது அவருக்குத் தெரியாது.

அந்தத் தோட்டம் பனியிலும் குளிரிலும் இருந்தது. தொழிலாளர்களின் லயன் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அதற்கு மேலே, வெட்டிச் சமன்படுத்திய இடத்தில், அங்குள்ள மேசன் அத்திவாரம் போட்டு வைத்திருந்தார். சுவரை நாங்கள் எழுப்பிவிட்டால் அவர் திரும்பி வந்து கூரை போடுவதாக ஏற்பாடு. அதுவரை அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். முதல் நாளே பிள்ளைகள் வந்து அத்திவாரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். யார் எந்த இடத்தில் உட்காருவது என்று அப்போதே சண்டை. கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய்மார் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவர்களில் கமலா என்பவர்தான் எங்களுக்கு விறகு கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய சின்னவள் அந்த முன்பள்ளிக்காகக் காத்திருந்தாள்.

இனி நாங்கள் செய்த தவறைச் சொல்ல வேண்டும். சுவர் எழுப்பும்போது முதலில் இரண்டு மூலைகளையும் மூன்று வரி கல் உயர்த்திவிட்டு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நூல் கட்டி, அந்த நூலை ஒட்டி நடுவே கல் வைத்துக்கொண்டு போவார்கள். இதைத் தலைவர் அறிந்திருந்தார். நூல் கட்டுகிற வேலையைத் தம்பிக்கும் அவன் கூட்டாளிக்கும் கொடுத்தார். பட்டு நெய்கிறவர்கள், நூல் விஷயத்தில் அவர்களை மிஞ்ச யார் என்று எல்லோருக்கும் பெருமை. ஆனால் தறிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. தொய்ந்த நூலைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. பனியில் நனைந்து அந்த நூல் கொஞ்சம் தொய்யும். ஜெயராஜ் இந்த முனையில் இழுப்பான். கூட்டாளி அந்த முனையில் இழுப்பார். விரலால் சுண்டினால் நூல் வீணைத் தந்தி போல அதிரும். "பாத்தியாக்கா, தறியில ஏத்தன பாவு மாதிரி நிக்குது" என்று தம்பி எனக்குச் சுண்டிக் காட்டினான். நானும் மெச்சினேன்.

அந்தக் குளிரில் கலவை இறுகவில்லை. நூலின் இரண்டு முனைகளும் மூலைக் கற்களில்தான் கட்டியிருந்தன. இவர்கள் இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும், ஈரக் கலவையின் மேல் உட்கார்ந்திருந்த மூலைக் கல் துளித் துளியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அடுத்த வரியை அதன் மேலேயே வைத்தோம். அதையும் இழுத்தோம். தலைவர் ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டத்தைப் படுக்க வைத்துப் பார்த்து, "கரெக்ட்" என்றார். படுக்கையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்து நிற்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை. எங்களுக்கு அப்படி ஒன்று பார்க்க வேண்டும் என்பதே தெரியாது. மூன்று நாளில் சுவர் நெஞ்சு உயரம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வந்த நான்கூட முப்பது கல் வைத்திருப்பேன்.

அந்த மூன்று நாளும் சலோமி கீழே அடுப்படியில்தான் இருந்தார். மேலே வந்தால் தலைவர், "சமையல் ஆச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வியாழக்கிழமை மதியம் டீ கொண்டுவந்தவர், வாளியைக் கீழே வைத்தார். மூலையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார். இடுப்பிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, சுவரின் உச்சியில் வைத்து உள்பக்கமாகத் தொங்கவிட்டார். மேலே நூல் சுவரை ஒட்டி இருந்தது. அடியில் குண்டுக்கும் சுவருக்கும் நடுவே அவருடைய இரண்டு விரல் நுழைந்தது. அடுத்த மூலைக்குப் போனார். அங்கேயும் அப்படித்தான். இரண்டு பக்கச் சுவர்களும் அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன.

"யாரு நூல் கட்டனது?" என்று கேட்டார். தம்பி கையைத் தூக்கினான். "தறியில இழுக்கற மாதிரி இழுத்துகினு இருந்தியா?" என்றார். அவன் ஆமாம் என்றான். சலோமி தலைவர் பக்கம் திரும்பி, "ஐயா, இதை இடிக்கணும்" என்றார்.

தலைவர் டம்ளரைக் கீழே வைக்கவேயில்லை. "ஞாயித்துக்கிழமை பேராயர் வந்து ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை பண்றார். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பணும். ரெண்டு விரல்தானே, பூச்சுல சரி பண்ணிடலாம்" என்றார். "பூச்சு மறைக்கும் ஐயா. நிமுத்தாது. இதுமேல கூரை உக்காரப் போவுது, அதுக்குக் கீழ புள்ளைங்க உக்காரப் போவுது" என்றார் சலோமி. "நீ சமைக்க வந்தவ. சமையலைப் பாரு." இதுதான் தலைவர் சொன்ன பதில். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் நின்று டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். சலோமி என்னைப் பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அன்று சாயங்காலம் நாங்கள் இறங்கி வந்தபோது அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. சலோமி அடுப்புக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். "சமையலைப் பாருன்னீங்க, பாத்துகினு இருக்கேன். அந்தச் சுவரு இடியற வரைக்கும் இந்த அடுப்பு எரியாது" என்றார். செல்போன் கடைக்காரர், "ஜல்தியா ஒரு காபியாவது போடும்மா, குளிருது" என்று கெஞ்சினார். "குளிரட்டும்" என்றார் சலோமி. நாங்கள் ஒன்பது பேர், அந்த மலையில் கடையும் இல்லை. அவர் சமையல் எவ்வளவு மோசம் என்று மூன்று நாளாகச் சொல்லிக் காட்டியவர்கள், அன்று அதற்காக ஏங்கினார்கள். நானும்தான். எனக்கு ஒரு பக்கம் பசி, இன்னொரு பக்கம் சிரிப்பு, இரண்டையும் விட அதிகமாக வெட்கம்.

விறகு கொண்டுவந்த கமலா அணைந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, "என்னாங்க அக்கா, என்னா பிரச்சின?" என்று கேட்டார். "வா, காட்றேன்" என்று சலோமி அவர் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனார். அவர்களைப் பார்த்து லயனிலிருந்து இன்னும் நான்கைந்து பெண்கள் போனார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவர் கையையும் பிடித்து அந்த இடைவெளிக்குள் விரலை விடச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பெண்களும் விரலை விட்டுப் பார்த்தார்கள். கமலா இரண்டு முறை பார்த்தார். பிறகு தலைவரிடம் வந்து, குரலை உயர்த்தாமல், "ஐயா, ஒங்க பிள்ளைய இதுக்குள்ள ஒக்கார வைப்பீங்களா?" என்று கேட்டார். தலைவர் பேராயர் என்றார், நேரம் இல்லை என்றார், கலவை வீணாகும் என்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் நகராமல் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இடித்தோம். தோட்டத்து ஆண்கள் சிலர் உதவிக்கு வந்தபோது சலோமி அவர்களைத் தடுத்துவிட்டார். "கட்டனவங்க இடிக்கட்டும். அப்பதான் கைக்கு உறைக்கும்" என்றார். தலைவர் கையிலும் ஒரு சுத்தியலைக் கொடுத்தார். நான் வைத்த முப்பது கல்லை நானே பெயர்த்தேன். கல்லை உடைக்காமல் எடுக்க வேண்டும், ஒட்டியிருக்கிற கலவையைச் சுரண்ட வேண்டும். கட்டுவதைவிட அது கடினமான வேலை. மதியத்துக்குள் அத்திவாரம் மறுபடி தெரிந்தது. அதன் பிறகு அடுப்பு எரிந்தது. அன்றைய சாம்பாரில் உப்பு அதிகம், எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் சலோமி அரிசிச் சாக்கிலிருந்து தன் கொத்துக்கரண்டியை எடுத்தார். நான்கு மூலைகளையும் அவரே எடுத்தார். நூலை மூலைக் கல்லில் கட்டவில்லை; மூலைக்கு வெளியே தரையில் கம்பு நட்டு, அதில் கட்டச் சொன்னார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் தம்பியைக் கூப்பிட்டு, "இப்ப இழு. உன் ஆசை தீர இழு. கல்லு அசையாது" என்றார். அவன் இழுத்தான், சிரித்தான். எனக்குத் தெரிந்து அவர் அவனை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. 'தெரியாம செஞ்சா தப்பு இல்ல, தெரிஞ்ச பிறகு பூசறதுதான் தப்பு' என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்தபோது சுவர் முழங்கால் உயரம்தான் இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதன் உள்ளே நின்று ஜெபம் செய்துவிட்டு, பிள்ளைகளோடு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார். பூமி பிளந்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமை எங்கள் பத்து நாள் முடிந்து நாங்கள் கிளம்பினோம். சலோமி கிளம்பவில்லை. விசாவில் நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, இன்னும் பத்து நாள் தங்கினார். கமலாவும் மற்றப் பெண்களும் கொழுந்து பறித்து முடித்து வந்து அவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் சித்தாளாக இருந்தவர், அந்தப் பத்து நாள் கொத்தனார். சுவரைக் கூரை மட்டம்வரை எழுப்பி, திரும்பி வந்த மேசனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தார்.

வந்து? மறுபடியும் சித்தாள்தான். நம் ஊரில் ஒரு பெண் கையில் கொத்துக்கரண்டியைக் கொடுக்க எந்த மேஸ்திரிக்கும் மனம் வரவில்லை. நம் சபைக்கும் வரவில்லை. கோயில் சுற்றுச்சுவர் கட்டுகிற வேலை வந்தபோது அவர் கமிட்டிக்குப் போய், "எனக்குக் குடுங்க" என்று நேராகக் கேட்டார். சிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சுவரை வேறு ஒருவர் கட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே வரும்போது சலோமி அந்தச் சுவரின் முன் ஒரு கணம் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கமிட்டிக்காரர்கள் வாசலில் நிற்கும்போது கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பார்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். ஊருக்கு வந்த மறுவாரம் பயணத்தின் அறிக்கையைச் சபை மடலுக்கு எழுத வேண்டியிருந்தது. செயலாளர் நான். தலைவர் என் வீட்டுக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னார். 'அந்த வாரம் பெய்த கனமழையினால் கட்டட வேலை தாமதமாயிற்று. சகோதரி சலோமி சமையலில் உதவினார்.' நான் பேனாவை நிறுத்தினேன். "உங்க தம்பி பேரு கெடக் கூடாதுன்னுதான் சொல்றேன் டீச்சர்" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அச்சில் வந்தது. சலோமியின் மரணச் செய்தியில் இருந்த 'சமையல் பணி' அங்கிருந்துதான் வந்தது. யாரோ பழைய மடலைப் புரட்டி, என் வாக்கியத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மடல் வந்த ஞாயிறு சலோமி என்னிடம் வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். சித்திரை வெயில், ஒரு மேகம் கிடையாது. "இன்னிக்கு மழை வருமா டீச்சர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எட்டு ஆண்டுகள், வந்தவாசி பஸ்ஸில் பார்த்தாலும் சரி, பஜாரில் பார்த்தாலும் சரி, அதே கேள்வி. சுற்றி இருப்பவர்களுக்கு ஏதோ சாதாரண விசாரிப்பு. எனக்கு மட்டும் காது சுடும். ஒரு தடவை பொறுக்க முடியாமல், "நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடேன் சலோமி" என்றேன். "எழுதனது நீங்க. நான் எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

அப்போதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுதான். தம்பியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன், தறிக்காரர்கள் நடுவில் அவன் தலைகுனியக் கூடாது. போன வாரம் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு நிற்கும்போது இதை ஜெயராஜிடம் சொன்னேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "இன்னாக்கா சொல்றே? முள்ளிப்பட்டுல எல்லாத் தறி வீட்லயும் தெரியுமே. நான் இழுத்த இழுப்புல சுவரே உள்ள வந்துடுச்சு, சலோமியக்கா அடுப்பை அணைச்சிட்டு உக்காந்துடுச்சுன்னு நான்தான் எட்டு வருசமா சொல்லிச் சொல்லிச் சிரிச்சிகினு இருக்கேன். மறைக்கச் சொல்லி உன்ன யார் கேட்டாங்க?" என்றான். அதற்குப் பிறகு நான் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை.

அன்று மாலை கமலாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அவர் வெகுநேரம் அழுதார். அந்த முன்பள்ளிக்குப் பலகையில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருக்கிறதாம். தோட்டத்தில் யாரும் அதைச் சொல்வதில்லையாம். 'சலோமி அக்கா கட்டுனது' என்றுதான் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை சொல்கிறார்களாம். கடல் கடந்து அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவர் பிறந்து வளர்ந்து, சந்தா கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடிய இந்தச் சபையில்தான் அவர் சமையல்காரி.

மறுநாள் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்தேன், பழைய அறிக்கையைத் திருத்தி மடலில் போட வேண்டும் என்று. "போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்ப எதுக்கு டீச்சர் கிளறிகினு?" என்றார்கள். ஆகவே இதை அவர்களுக்காக எழுதவில்லை, உங்களுக்காக எழுதுகிறேன். வருகிற ஞாயிறு நினைவு ஆராதனையில் நான் எழுந்து நின்று இதையே சொல்லப் போகிறேன். அவர்கள் மைக்கைப் பிடுங்கலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முப்பது வருடம் கத்திய தொண்டை எனக்கு இருக்கிறது. தலைவர் முன் வரிசையில் இருப்பார், இருக்கட்டும். சலோமியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அவருடைய அந்தக் கேள்வியைத்தான். எட்டு ஆண்டுகளாக அவர் கேட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தேன். இப்போது கேட்க அவர் இல்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். அந்த வாரம் மழை பெய்யவில்லை. ஒரு துளிகூடப் பெய்யவில்லை. நாங்கள் கோணலாகக் கட்டினோம், சலோமி இடிக்க வைத்தார், சலோமி கட்டினார்.